கூச்சம் போனது, சொத்தை தங்கிவிட்டது

போன வாரம் தங்கை தொலைபேசியில் கேட்டாள்: “அக்கா, மோர் குடித்தால்கூடப் பல் கூசுகிறது. நீ தேய்க்கிறாயே, அந்தப் பேஸ்ட்டின் பெயர் என்ன?” என் இடப்பக்கக் கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை முடிந்து, கேப் போட்டு அன்றைக்கு ஒன்பதாவது நாள். பெயரைச் சொல்ல வாய் வரவில்லை.

இரண்டரை ஆண்டுகளாகக் காலையும் இரவும் அதே பேஸ்ட்தான். 5 சதவீதம் பொட்டாசியம் நைட்ரேட் கலந்தது. சாதாரண பேஸ்ட்டைப் போல இரண்டு மூன்று மடங்கு விலை. அதற்குச் சேர வேண்டிய நல்ல வார்த்தையை முதலில் சொல்லிவிடுகிறேன். முதல் பத்து நாள் ஒரு மாற்றமும் இல்லை, காசு வீண் என்றே நினைத்தேன். மூன்றாவது வாரத்தில் ஒரு மதியம், பானைத் தண்ணீரை வலப்பக்கமாக ஒதுக்காமல் மடமடவென்று குடித்திருக்கிறேன். செம்பைக் கீழே வைத்த பிறகுதான் அது உறைத்தது. அந்தக் கோடையில் உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு மாங்காய் தின்றேன். எத்தனையோ ஆண்டுகளாக விட்டுப்போயிருந்த ருசி. அந்த மகிழ்ச்சியை நான் மறுக்க மாட்டேன்.

ஆனால் அந்தப் பேஸ்ட் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பல் கெட்ட பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பல்லின் மேலுறையான எனாமலுக்கு அடியில் இருக்கும் டென்டின் என்ற அடுக்கில், நரம்பை நோக்கிப் போகும் நுண்குழாய்கள் ஏராளம். அவற்றுக்குள் திரவம் இருக்கிறது. ஈறு இறங்கியோ எனாமல் தேய்ந்தோ குழாய்களின் வாய் திறந்துகொண்டால், குளிர்ச்சி பட்டதும் திரவம் நகரும். அந்த நகர்வுதான் நமக்குச் சுருக்கென்று தெரிகிறது. 1960களில் ஸ்வீடனைச் சேர்ந்த பல் மருத்துவ ஆய்வாளர் பிரான்ஸ்ட்ரோம் ஆய்வு செய்து நிலைநாட்டிய விளக்கம் இது. ஸ்டானஸ் ஃபுளோரைடு, ஆர்ஜினின் போன்றவை சேர்ந்த பேஸ்ட்கள் அந்த வாய்களை அடைக்கின்றன. என்னுடையது நரம்பை அமர்த்தும் வகை. பொட்டாசியம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய், நரம்பைச் சேதி அனுப்பவிடாமல் செய்கிறது. குழாய்கள் திறந்தபடியே இருக்கின்றன. பொட்டாசியம் மெல்ல மெல்லச் சேர வேண்டியிருப்பதால்தான் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகிறது. ஊருக்குப் போன இடத்தில் வேறு பேஸ்ட் தேய்த்தபோது இரண்டு முறையும் கூச்சம் எனக்குத் திரும்பி வந்தது.

என் கோபமெல்லாம் இந்த அமர்த்தலின் மேல்தான். தீபாவளிக்கு அதிரசம் தின்றபோது இடப்பக்கம் லேசாக இழுத்தது. பழைய கூச்சம்தான் என்று நினைத்து, இரவில் அந்தப் பேஸ்ட்டையே விரலால் தடவிக்கொண்டேன். தணிந்தது. தணிந்ததால் நம்பினேன். இப்படியே ஐந்து மாதம். ஒரு நாள் நள்ளிரவில் வலி காதுவரை ஏறியபோதுதான் மருத்துவரிடம் ஓடினேன். இரண்டு பற்களுக்கு நடுவே, கண்ணாடியில் தெரியாத இடத்தில் சொத்தை. எக்ஸ்ரேயில் அது நரம்பையே தொட்டிருந்தது. “தீபாவளியின்போதே வந்திருந்தால் அடைத்து அனுப்பியிருப்பேன்” என்றார்.

மருத்துவரைக் கேட்காமல் நான்கு வாரத்துக்கு மேல் பயன்படுத்த வேண்டாம் என்று போட்டிருக்கிறார்கள். எங்கே? வாங்கிய அன்றே குப்பைக்குப் போகும் அட்டைப்பெட்டியின் மடிப்பில், கடுகளவு எழுத்தில். தினமும் கையில் எடுக்கும் டியூபில் அந்த வரி இல்லை. கூச்சம் நோயின் அறிகுறியாகவும் இருக்கலாம் என்பதைப் பெரிய எழுத்தில் அச்சிட என்ன தடை? பேஸ்ட் சொத்தையை உண்டாக்கவில்லை, அது எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்த ஐந்து மாதத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை.

கூச்சத்தின் மூலகாரணத்தையும் அன்றுதான் பார்த்துச் சொன்னார். கடினமான பிரஷ்ஷால் பக்கவாட்டில் அழுத்தி இழுத்து, ஈறோரத்தில் இரண்டு பற்களை வெட்டுப் போலத் தேய்த்து வைத்திருக்கிறேன். அந்தப் பள்ளங்களைப் பல் நிறத்திலேயே அடைத்துவிட்டார். மென்மையான பிரஷ்ஷுக்கு மாறச் சொன்னார். புளிப்பு தின்ற கையோடு தேய்க்கக் கூடாது, அரை மணி நேரமாவது போகட்டும் என்றார். தேய்த்தபின் நுரையைத் துப்பினால் போதுமாம். உடனே வாய் நிறையக் கொப்பளித்தால் ஃபுளோரைடும் சேர்ந்து போய்விடுமாம். நான் இரண்டரை ஆண்டும் மூன்று முறை கொப்பளித்தவள்.

மற்ற பற்களில் ஈறு இறங்கியே இருப்பதால் அதே பேஸ்ட்டைத் தொடரலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். நேற்று புதிய டியூப் வாங்கினேன், அட்டைப்பெட்டியை எறியவில்லை. தங்கைக்கு மட்டும் இன்னும் பெயரைச் சொல்லவில்லை. சனிக்கிழமை காலை அவளை மருத்துவரிடம் அழைத்துப் போகிறேன்.