டாட்சன் 240இசட்: பின்பக்கத்துக்கு ஆர்180 போதுமா, ஆர்200 வேண்டுமா, அடியோடு மாற்ற வேண்டுமா?

நிசான் டாட்சன் என்ற பெயரில் விற்ற பழைய ஸ்போர்ட்ஸ் கார் 240இசட்டில் மூன்று வெபர் கார்புரேட்டர் ஏறியதும் அடுத்த கேள்வி பின்பக்கத்தைப் பற்றித்தான் வரும். இருக்கிற ஆர்180 டிஃபரென்ஷியல் (என்ஜின் விசையை இரண்டு பின்சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரப் பெட்டி) தாங்குமா? பிறகு வந்த 280இசட்டின் ஆர்200-ஐ மாட்டலாமா? சுபாருவிலிருந்து ஒன்றைக் கழற்றிக்கொண்டு வரலாமா? இல்லை, நிசான் சில்வியா எஸ்13-இன் மல்டிலிங்க் சப்ஃபிரேமையே, அதாவது ஒவ்வொரு சக்கரத்தையும் பல கம்பிகளால் பிடிக்கும் சஸ்பென்ஷனை அதன் சட்டத்தோடு, அடியில் வெட்டிப் பொருத்திவிடலாமா? நாலு வழிக்கும் ஆதரவாளர்கள் இருக்கிறார்கள். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 200 குதிரைத்திறனுக்குள் இருக்கும் எல்24 என்ஜினோடு (240இசட்டின் சொந்த என்ஜின்) சாலையில் ஓடும் காருக்கு, பழைய ஸ்ட்ரட் அமைப்பை (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணாகச் சேர்ந்தது) ஒழுங்காகச் சீர் செய்து, ஆர்180-க்குள் நல்லதொரு எல்.எஸ்.டி. (ஒரு சக்கரம் வழுக்கும்போது விசை முழுதும் அங்கே வீணாகாமல் தடுக்கும் அமைப்பு) போட்டாலே போதும். மற்ற வழிகளுக்கும் இடம் உண்டு, ஆனால் அது சின்ன இடம்.

நிசான் 1969-இல் வெளியிட்ட எஸ்30 வரிசையின் (240இசட்டும் 280இசட்டும் இதில்தான் சேரும்) பின்பக்கம் அந்தக் காலத்துக்கு மிக முன்னேறியது. அதே விலைக்குக் கிடைத்த எம்ஜிபி ஜிடி-யில் லீஃப் ஸ்பிரிங் மேல் கிடக்கும் ஒற்றை ஆக்சில்தான். 240இசட்டில் ஒவ்வொரு பின்சக்கரத்துக்கும் தனி ஸ்ட்ரட், கீழே அகலமான ஒரு ஆர்ம். ஸ்ட்ரட் குழாயும் ஹப் ஹவுசிங்கும் ஒரே துண்டு. பாகங்கள் குறைவு, எடையும் குறைவு. வண்டியே சுமார் 1,050 கிலோதான், வீல்பேஸ் 2,305 மி.மீ. கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி ராலியில் 1971-இல் எட்கர் ஹெர்மனும் 1973-இல் சேகர் மேத்தாவும் 240இசட்டில்தான் வென்றார்கள். மேத்தா உகாண்டாவில் பிறந்த இந்திய வம்சாவளிக்காரர். 1973-இல் அவரும் டாட்சன் 1800 ஓட்டிய ஹாரி கால்ஸ்ட்ரோமும் சமப் புள்ளியில் முடித்து, டை-பிரேக்கில்தான் மேத்தா ஜெயித்தார். கல்லும் குழியுமான அந்தப் பாதைகளைத் தாக்குப்பிடித்த அமைப்பைப் பலவீனமானது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

குறைகளும் உண்டு. தொழிற்சாலை கொடுத்தபடி பின்னால் கேம்பரையும் (சக்கரத்தின் பக்கச் சாய்வு) டோவையும் (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) திருகி மாற்ற வழியே கிடையாது. ஆரம்ப கால கார்களில் டிஃபரென்ஷியல் கொஞ்சம் முன்னால் தள்ளி இருந்தது. அதனால் இரண்டு பக்க ஷாஃப்ட்களும் பின்னோக்கிச் சாய்ந்தே ஓடும், ஷாஃப்ட்டை வளைந்து சுழலவிடும் கிராஸ் ஜாயின்ட்களுக்கு ஓயாத வேலை. நிசானே பிறகு டிஃபரென்ஷியலை 35 மி.மீ. பின்னால் நகர்த்தியது. அதைப் பின்னாலிருந்து தாங்கும், மீசை போன்ற பட்டையும் அப்போதுதான் நேர்வடிவம் போய் வளைந்த வடிவத்துக்கு வந்தது. உங்களுடையது எந்த வகை என்று அடியில் குனிந்து பார்த்துவிட்டுத்தான் எந்தப் பாகத்தையும் வாங்க வேண்டும்.

ஒப்பீட்டுக்குள் போவதற்கு முன் இன்னொன்று. கிளட்சை விட்டதும் பின்னாலிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்டால், டிஃபரென்ஷியல் போய்விட்டது என்றுதான் பலர் முடிவு கட்டுகிறார்கள். பெரும்பாலும் அது நன்றாகவே இருக்கும். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது டிஃபரென்ஷியலின் மூக்கு மேலே எழும்பப் பார்க்கும். அதைப் பிடித்து வைப்பது முன்பக்க ரப்பர் மவுன்ட்டும் மூக்குக்கு மேலே குறுக்காகப் போகும் ஒரு பட்டையும்தான். ஐம்பது வருடம் ஆன ரப்பர் உலோகத் தகட்டை விட்டு உரிந்து வந்திருக்கும். கட்டைக் கம்பியால் மூக்கை நெம்பிப் பாருங்கள், பிளவு வாய் திறந்து தெரியும். அடுத்து மீசைப் பட்டையின் புஷ்கள் (ரப்பர் உறைகள்), அதன்பின் ஷாஃப்ட்டின் கிராஸ் ஜாயின்ட்கள். இந்த மூன்றையும் மாற்றாமல் ஆர்200 போட்டால், பெரிய டிஃபரென்ஷியலோடும் அதே சத்தம்தான் வரும்.

சஸ்பென்ஷன் புஷ் மாற்றுவதில் பட்டறைக்காரர்களே பயப்படும் இடம் ஒன்று இருக்கிறது. ஹப் ஹவுசிங்கின் அடிப்பகுதியையும் கீழ் ஆர்மையும் கோப்பது ஒரு நீளமான ஸ்பிண்டில் பின். நடுவில் கூம்பாகச் சரிந்த ஒரு சிறிய பூட்டுப் பின் அதைப் பிடித்திருக்கும். நாளாக ஆக நீளப் பின் ஹவுசிங்குக்குள் துருவோடு ஒட்டிக்கொள்ளும். சுத்தியலால் அடித்தால் மரை நுனி காளான் போல விரிந்துவிடும், அப்புறம் எந்தப் பக்கமும் வராது. முதலில் பூட்டுப் பின்னைக் கழற்றி, துரு நீக்கும் எண்ணெயைப் பல நாள் ஊறவிட்டு, ஹவுசிங்கைச் சூடாக்கி, மரையைப் பிடித்து இழுக்கும் புல்லரால் எடுப்பதே ஒழுங்கான முறை. அதற்கும் மசியாவிட்டால் பிரஸ் உள்ள இடத்துக்கு முழு ஸ்ட்ரட்டோடு கொண்டுபோக வேண்டியதுதான். புதுப் பின் போடும்போது தாராளமாகக் கிரீஸ் தடவுங்கள், அடுத்த முறை கழற்றுகிறவர் வாழ்த்துவார்.

சரி, டிஃபரென்ஷியலுக்கு வருவோம்.

ஆர்180, ஆர்200 என்பவற்றில் உள்ள எண் உள்ளே இருக்கும் பெரிய பற்சக்கரமான கிரவுன் வீலின் விட்டத்தை மில்லிமீட்டரில் குறிப்பது. ஆர்200 சந்தேகமில்லாமல் வலுவானது. டர்போ போட்ட எல்28 என்ஜினோ, அமெரிக்க வி8 என்ஜினோ ஏற்றப்போகிறவர் அதைத்தான் எடுக்க வேண்டும். 1975-இல் 280இசட்டுடன் வந்ததால் எஸ்30 உடம்பிலேயே பொருந்தும். ஆனாலும் 240இசட்டில் அப்படியே எடுத்து மாட்ட முடியாது. அதற்குரிய மீசைப் பட்டை வேண்டும், முன்பக்க மவுன்ட் வேறு, பக்கவாட்டு ஃபிளேஞ்ச்களையும் சரிபார்க்க வேண்டும். எடையும் கூடும். வண்டியின் பின்கோடியில், அதுவும் ஆயிரம் கிலோ வண்டியில், கூடும் ஒவ்வொரு கிலோவும் வளைவில் தெரியும்.

ஆர்180 சிறியது என்றாலும் நோஞ்சான் இல்லை. தொழிற்சாலை எல்24-க்குச் சொன்ன 151 குதிரைத்திறன் அன்றைய அமெரிக்கக் கணக்கு, அதாவது என்ஜினைத் தனியாக மேசையில் வைத்து அளந்த எண். சக்கரத்துக்கு வந்து சேர்வது நன்றாகவே குறைவு. கேம்ஷாஃப்ட், கார்புரேட்டர், எக்ஸாஸ்ட் எல்லாம் மாற்றிய எல்24-ஐக்கூட ஆர்180 தாங்கும். பிடிப்பு அதிகமான அகல டயரைப் போட்டு, கிளட்சைத் திடீரென்று விட்டு, திரும்பத் திரும்ப டிராக் ரேஸ் பாணியில் கிளம்பினால்தான் அது உடையும். அப்போதும் பல கார்களில் முதலில் போவது கிராஸ் ஜாயின்ட்தான்.

அதைவிட ஓட்டத்தை மாற்றுவது டிஃபரென்ஷியலின் விகிதம், அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற முன்னாலிருந்து வரும் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பது. அமெரிக்காவுக்குப் போன நாலு கியர் காரில் 3.364. மற்ற பல சந்தைகளின் ஐந்து கியர் காரில் 3.9. பழைய அளவு 14 அங்குல டயரில் மணிக்கு 100 கி.மீ. போகும்போது, நாலாவது கியரில் முதலாவதற்குச் சுமார் 2,850 சுற்று, இரண்டாவதற்குச் சுமார் 3,300. நாலு கியர் பெட்டியோடு 3.9 போட்டால் நெடுஞ்சாலையில் காது வலிக்கும். 1981-83 காலத்து 280இசட்எக்ஸ்-இன் ஐந்து கியர் பெட்டியில் ஐந்தாவது 0.745. அதோடு 3.9 சேர்ந்தால் அதே வேகத்தில் 2,450 சுற்றுதான், கீழ் கியர்களில் வண்டி துள்ளிக்கொண்டு போகும். நெடுஞ்சாலையும் மலைப்பாதையும் இரண்டுமே ஓட்டுகிறவருக்கு இந்த ஜோடிதான் என் தேர்வு. என்ஜினில் செலவழிக்கப்போகும் பணத்தில் ஒரு பங்கை இதில் போட்டாலே முடுக்கத்தில் பெரிய வித்தியாசம் தெரியும்.

சுபாரு இம்பிரேஸா எஸ்டிஐ-யின் பின் டிஃபரென்ஷியலும் ஆர்180 குடும்பம்தான். எல்.எஸ்.டி.யோடு வரும், 3.9 விகிதத்திலும் கிடைக்கும். இந்த வழி எனக்கு ரொம்பப் பிடித்தது. ஹவுசிங் பழைய மீசைப் பட்டைக்கே ஒத்துப்போகும், எடையும் கூடாது. சிக்கல் பக்கவாட்டு ஷாஃப்ட்டில். சுபாருவின் பற்கள் வேறு, அதனால் நடுவில் தனியாகச் செய்த ஸ்டப் ஆக்சில் வாங்க வேண்டும். அதை விற்கும் சிறு நிறுவனங்கள் அமெரிக்காவில் இருக்கின்றன, விலை மலிவில்லை. வாங்குகிறவர்கள் சிலர் அதே சமயத்தில் பழைய கிராஸ் ஷாஃப்டைத் தூக்கிவிட்டு, சாய்ந்த நிலையிலும் சீராகச் சுழலும் சிவி ஷாஃப்ட்டுக்கும் மாறிவிடுகிறார்கள். பணம் இருந்தால் அது புத்திசாலித்தனமான வேலை. ஒன்றை மறக்கக் கூடாது: சுபாருவில் என்ஜின் விசையின் ஒரு பங்குதான் பின்னால் வருகிறது. அந்த வண்டி 300 குதிரைத்திறன் என்பதால் இந்த டிஃபரென்ஷியல் 240இசட்டிலும் 300 தாங்கும் என்று கணக்குப் போடாதீர்கள்.

இப்போது எல்.எஸ்.டி. வகைகள். இங்கேதான் பலர் தவறான ஜோடி சேர்க்கிறார்கள்.

உள்ளே இருக்கும் சிறு பற்சக்கரங்களை வெல்டிங் செய்து ஒட்டுவது செலவில்லாத வழி. டிரிஃப்ட் செய்கிறவர்களுக்குப் போதும். சாலையில் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பார்க்கிங்கில் திருப்பினாலே உள்பக்க டயர் கீச்சிடும், முன்பக்கம் திரும்ப மறுக்கும், மழையில் பின்பக்கம் சொல்லாமல் வீசும். ஷாஃப்ட்டுக்கும் அது தண்டனை.

ஹெலிக்கல் வகை, குவைஃப் போல, பற்சக்கரங்களாலேயே விசையைப் பிரிக்கும். தேய்மானம் மிகக் குறைவு, சத்தம் இல்லை, சாலைக்கு இதமானது. ஆனால் பிடிப்பு குறைந்த சக்கரத்தின் எதிர்விசையைப் பெருக்கித்தான் அது மற்றச் சக்கரத்துக்கு விசை தரும். ஒரு சக்கரம் தரையை விட்டு எழும்பினால், பெருக்குவதற்கு எதிர்விசையே இருக்காது. எல்.எஸ்.டி. இல்லாத சாதாரண டிஃபரென்ஷியல் போலவே நடந்துகொள்ளும். கிளட்ச் தட்டு வகையில் முன்கூட்டியே அழுத்தம் வைத்திருப்பதால் எழும்பிய நிலையிலும் மற்றச் சக்கரத்துக்குக் கொஞ்சம் விசை போகும். அதற்குப் பதிலாகத் தட்டு தேயும், உரிய எண்ணெய்தான் ஊற்ற வேண்டும், மெதுவான திருப்பத்தில் கடகடக்கும். 300இசட்எக்ஸ் டர்போ சிலவற்றில் வந்த விஸ்கஸ் வகை, அதாவது கெட்டியான திரவத்தால் இயங்குவது, எனக்கு ஏற்பில்லை. உள்ளே இருக்கும் திரவம் பழசாகிவிட்டால் பிரித்துச் சரி செய்யவும் முடியாது.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது பின்பக்க ஆன்டி-ரோல் பார், அதாவது வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்க இரண்டு பக்கச் சக்கரத்தையும் இணைக்கும் கம்பி. அமெரிக்காவுக்குப் போன 240இசட்டில் அது இல்லை. கடையில் கிடைக்கும் தடிமனான ஒன்றை மாட்டினால் முன்பக்கம் சுலபமாகத் திரும்புவது போலத் தோன்றும். வளைவில் வண்டி சாயும்போது அது உள்பக்கப் பின்சக்கரத்தை மேலே தூக்குகிறது. அந்தச் சக்கரத்தில்தான் ஹெலிக்கல் தோற்கும். அதனால் ஹெலிக்கல் போடுகிறவர் பின் பாரை மெலிதாக வைத்துக்கொள்ள வேண்டும், அல்லது கழற்றிவிட்டு ஸ்பிரிங்கைக் கொஞ்சம் கடினமாக்க வேண்டும். தடிமனான பார் வேண்டுமென்றால் கிளட்ச் தட்டு வகைக்குப் போகலாம். ஒன்றை முடிவு செய்யாமல் மற்றதை வாங்காதீர்கள்.

மல்டிலிங்க் மாற்றத்துக்கு வருகிறேன். எஸ்13, எஸ்14 சில்வியாவின் பின் சப்ஃபிரேமைப் பொருத்தினால் கேம்பர், டோ இரண்டையும் திருகலாம், டிஸ்க் பிரேக் கூடவே வரும், ஆர்200 தயார், உதிரிபாகமும் ஏராளம். வண்டி சாயும்போது டயரைத் தரையோடு தட்டையாக வைத்திருப்பதில் ஸ்ட்ரட்டைவிட மல்டிலிங்க் மேல் என்பதில் இரண்டாம் கருத்தில்லை. அதற்காக ஐம்பது வருடப் பழைய தளத்தையும் ரெயில்களையும் வெட்டி, புதிதாக மவுன்ட் வெல்டிங் செய்ய வேண்டும். சக்கர இடைவெளி அகலமாகிவிடுவதால் ஃபெண்டரையும் அகலப்படுத்தியாக வேண்டும். திரும்பிப் போக வழி கிடையாது. 400 குதிரைத்திறனும் டிராக் நேரமும் குறியாக இருந்தால் செய்யுங்கள். துரு தின்று ஏற்கனவே பின்பக்கத் தளம் இல்லாமல் போன காரிலும் செய்யலாம். நல்ல உடம்புள்ள 240இசட்டை அதற்காக வெட்டுவது எனக்கு மனசு கேட்காத காரியம்.

ஸ்ட்ரட்டிலேயே நிறைய எடுக்கலாம். வண்டியை எவ்வளவு தாழ்த்துகிறோம் என்பதுதான் முக்கியம். கீழ் ஆர்மின் வெளிநுனி உள்நுனியைவிட மேலே போய்விட்டால், சக்கரம் எழும்ப எழும்பக் கேம்பர் தவறான திசைக்குப் போகத் தொடங்கும். புகைப்படத்துக்கு அழகாக இருக்கும், வளைவில் டயர் வெளி ஓரத்தில் நிற்கும். ஓர் அங்குலம் தாழ்த்துவதோடு நிறுத்தி, ஸ்ட்ரட் குழாயை வெட்டிக் குறுக்கி ஷாக்குக்கு ஓடும் தூரத்தை மீட்டு, நீளம் மாற்றக்கூடிய கீழ் ஆர்ம் போட்டால் பழைய அமைப்பின் பெரிய குறை தீர்ந்துவிடும்.

பின் பிரேக்கில் அவசரமே இல்லை. துடுப்புகள் வைத்த அலுமினிய டிரம் இலேசானது, சாலைக்குப் போதும். டிஸ்க் போட்டால் ஹேண்ட் பிரேக் கேபிளோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும், முன்-பின் பிரேக் சமநிலையையும் மறுபடி பார்க்க வேண்டும்.

கடைசியாக வெளித்தோற்றம். ஓடும்போது பின்கண்ணாடிக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைந்து, எக்ஸாஸ்ட் புகையை டிக்கி வழியாக உள்ளே இழுப்பது எஸ்30-இன் பழைய நோய். ஆரம்ப கார்களில் டிக்கிக் கதவிலேயே இருந்த காற்றுத் துளைகளை நிசான் பிறகு பக்கத் தூணுக்கு, அந்த வட்டமான இசட் சின்னம் இருக்கும் இடத்துக்கு, மாற்றிவிட்டது. பின் ஸ்பாய்லர் போட்டால் புகை நின்றுவிடும் என்று நம்பி வாங்காதீர்கள். டிக்கியைச் சுற்றியுள்ள ரப்பர், டெயில் லைட்டின் கேஸ்கெட், ஒயர் நுழையும் குழாய் ரப்பர்கள் ஆகியவற்றை மாற்றுவதுதான் மருந்து. ஸ்பாய்லர்களில் பீட்டர் பிராக்கின் பிஆர்இ பந்தய அணி ஓட்டுநர் ஜான் மார்ட்டனை வைத்து 1970, 1971 இரண்டு வருடமும் அமெரிக்க சி-புரொடக்‌ஷன் பட்டம் வாங்கிய காலத்து வடிவம்தான் இந்த உடம்புக்குப் பொருந்துகிறது. உயரம் குறைவு, டிக்கியின் கோட்டைக் கெடுக்காது. ஆனால் வேகத்தில் இந்தக் காரில் முதலில் எழும்புவது மூக்குதான். பின்னால் மட்டும் ஸ்பாய்லர் வைத்து அழுத்தினால் முன்பக்கம் இன்னும் இலேசாகும். எனவே முன்பக்க ஏர் டேம் (மூக்குக்குக் கீழே காற்றைத் தடுக்கும் தகடு) வாங்கிய பிறகே பின்னால் துளை போடுங்கள், துளையின் ஓரத்தில் பிரைமர் பூசிவிட்டே போல்ட்டை முறுக்குங்கள்.