நாய்க்கு முட்டி பிரேஸ் வாங்கப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

ஏற்காட்டில் எங்களுக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டம் உண்டு. அதற்குக் காவல் மணி. நாட்டு நாய், 11 வயது, 24 கிலோ. போன ஐப்பசி மழையில் கொய்யா பறிக்க வந்த குரங்கைத் துரத்திக்கொண்டு கல்லுக்கட்டிலிருந்து குதித்தான். வீல் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அன்றிலிருந்து வலது பின்னங்காலை ஊன்றவில்லை. நின்றால் விரல் நுனி மட்டும் தரையைத் தொடும். உட்கார்ந்தால் அந்தக் காலை மடக்காமல் பக்கவாட்டில் நீட்டிக்கொள்வான்.

உள்ளூர் டாக்டர் பார்த்துவிட்டு, "ஜவ்வு கிழிஞ்ச மாதிரி தெரியுதுங்க, நாமக்கல் கொண்டுபோய்க் காட்டிடுங்க" என்றார். நான் கேட்கவில்லை. செல்போனில் ஒரு விளம்பரம் வந்ததுதான் காரணம். சேலத்தில் ஒரு கடை: அளவெடுத்துச் செய்யும் பிரேஸ் (மூட்டு நழுவாமல் பிடித்துக்கொள்ளக் காலில் மாட்டும் உறை), ஆபரேஷன் தேவையில்லை, 15 நாளில் ஓடும். ஆபரேஷன் தேவையில்லை என்ற ஒரு வரியிலேயே விழுந்துவிட்டேன்.

20 கொண்டை ஊசி வளைவிலும் மணி வாந்தி எடுத்தான். கடையில் இருந்த தம்பி டேப்பை எடுத்து, பின்னங்காலில் பின்பக்கமாகத் துருத்திக்கொண்டு நிற்கும் மூட்டைச் சுற்றினார். "இதுதாண்ணா முட்டி." இரண்டே நிமிடம். படுக்க வைக்கவில்லை, அழுத்திப் பார்க்கவில்லை, டாக்டர் சீட்டு எங்கே என்றும் கேட்கவில்லை. மொத்தம் 12,500 ரூபாய், அட்வான்ஸ் 8,000 ஜிபேயில் போனது. வலிக்கு மனிதர்கள் போடும் மாத்திரையில் பாதி கொடுக்கச் சொன்னார். நல்லவேளை, அன்று மெடிக்கல் ஷாப் மூடியிருந்தது.

மூன்று வாரம் என்றார்கள், ஆறு வாரம் ஆனது. மீதிப் பணம் கட்டி வாங்கி வந்த பெட்டியைப் பிரித்தால் ரப்பர் துணியில் ஒரு உறை, நான்கு ஒட்டுப்பட்டை, இரண்டு பக்கமும் மெல்லிய தகடு. உள்பக்கம் 'எல்' என்று சைஸ் சீட்டு. அளவெடுத்துத் தைத்த சட்டைக்குள் எந்த டெய்லர் 'எல்' சீட்டு வைப்பார்?

ராத்திரியும் கழற்றக் கூடாது என்றார்கள். மூன்றாம் நாள் நாற்றம் வந்ததும் கழற்றினேன். உறை நழுவி இறங்கி, எலும்பு துருத்தும் இடத்தில் முடி தேய்ந்து, ஐந்து ரூபாய்க் காசளவு பச்சைப் புண். கடைக்குப் போனால் "பழகணும்ணா." பணத்தைக் கேட்டதும் அண்ணா சாராகிவிட்டார்: "போட்ட சாமான் ரிட்டர்ன் கிடையாதுங்க சார்."

அப்புறம்தான் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போனோம். டாக்டர் உறையைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்து மணியின் வயிற்றோரம், தொடை முடியும் இடத்தில் வைத்தார். "முட்டி இங்க இருக்கு. நீங்க உறை போட்டிருக்கிறது குதிகால்ல." நாய் நம்மைப்போல் பாதத்தை ஊன்றி நடப்பதில்லை, விரல்களில் நடக்கிறது. அதனால் குதிகால் மேலே தூக்கி நிற்கிறது. அதைத்தான் நாமெல்லாம் பின்பக்கம் மடங்கும் முட்டி என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். சரி, எனக்குத் தெரியாது. அதை விற்றுப் பிழைப்பவருக்குமா?

மணியை ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஒரு கையில் தொடை எலும்பையும் மறு கையில் கீழ்க்கால் எலும்பையும் பிடித்து, கீழ்க்கால் எலும்பை மட்டும் முன்னால் தள்ளினார். மேசை டிராயர் போல எலும்பு நகர்ந்தது. ஜவ்வு அறுந்ததற்கு அதுதான் அடையாளம். எக்ஸ்ரேயில் ஜவ்வு தெரியாது, மூட்டில் நீர் கோத்திருப்பதும் தேய்மானமும் தெரியும். இந்த எடைக்கு ஆபரேஷன்தான் நல்லது, ஆனால் வயதும் இதயமும் மயக்க மருந்தைத் தாங்குமா என்பது சந்தேகம் என்றார். அதனால் பிரேஸ். மாத்திரை விஷயத்தைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது. ஐபுபுரூஃபன் மாதிரியானவை நாயின் குடலைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

முட்டிக்கு நிஜமாகவே அளவெடுத்துச் செய்வதென்றால் காலுக்கு மாவுக்கட்டு போட்டு, அதை வெட்டி எடுத்து அச்சாக்கி, கெட்டி பிளாஸ்டிக்கில் ஓடு செய்து, முட்டிக்கு நேராகக் கீல் வைக்க வேண்டும். மனிதர்களுக்குச் செயற்கைக் கால் செய்யும் ஒருவர் டாக்டர் சீட்டைப் பார்த்துச் செய்து கொடுத்தார். முதல் நாள் அரை மணி நேரம், பிறகு தினமும் கொஞ்சம் கூட்டினோம். ஒவ்வொரு முறை கழற்றியதும் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்ப்போம். ராத்திரி கிடையாது. அதுவும் அறுந்த ஜவ்வை ஒட்ட வைக்காது, மூட்டு நழுவாமல் பிடித்துக்கொள்ளும், அவ்வளவே. எடையை 21 கிலோவுக்குக் குறைத்ததில் பாதிப் பலன் என்பது என் கணக்கு. என் மனைவி வைக்கும் தயிர்சாதத்தை நிறுத்தத்தான் பெரும்பாடு. முதல் மாதம் வயிற்றுக்கடியில் பழைய துண்டைக் கொடுத்துத் தூக்கிப் பிடித்துத்தான் நடத்தினோம். இப்போது களம் வரை தானே வருகிறான், மெதுவாக.

அச்சு எடுக்காமல் டேப்பை மட்டும் சுற்றிவிட்டு 'அளவெடுத்துச் செய்தது' என்பவரிடம் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். முட்டியைத் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். பில்லில் என்ன எழுதுகிறார்கள் என்று அங்கேயே படியுங்கள். என் பில்லில் இருந்தது 'நாய்ப் பொருள் 1' மட்டும்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வாங்கிய பொருளின் மதிப்பு 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, இரண்டு வருடம் அவகாசம் உண்டு. புண்ணின் போட்டோவும் அந்த உறையும் பத்திரமாக இருக்கின்றன. 'எல்' சீட்டைக் கிழிக்கவில்லை.