182, 120, 31, 133: உயரச் சிலைகளின் எண் கணக்கு

கன்னியாகுமரியில் படகிலிருந்து இறங்கி, வள்ளுவர் சிலையின் பீடத்துக்குள் படியேறி மேலே வந்தால் நேராக அவர் பாதத்தடியில் நிற்போம். சின்ன வயதில் அந்தக் கட்டைவிரலில் கை வைத்துப் பார்த்திருக்கிறேன். கருங்கல், வெயிலில் சுட்டது. அப்பா கீழே கையைக் காட்டி, "இவ்வளவு நேரம் நீ ஏறி வந்ததுதான் அறத்துப்பால்" என்றார். பீடம் 38 அடி, அறத்துப்பாலின் அதிகாரங்கள் 38. அதன்மேல் நிற்கும் உருவம் 95 அடி, பொருளும் இன்பமும் சேர்ந்து 95 அதிகாரங்கள். மொத்தம் 133.

அன்றிலிருந்து எந்த உயரமான சிலையைப் பற்றிக் கேள்விப்பட்டாலும் எனக்கு முதலில் வரும் கேள்வி "எத்தனை மீட்டர்" என்பதல்ல, "ஏன் அத்தனை மீட்டர்" என்பதுதான். அந்த எண் யாருக்காகச் சிலை எழுந்ததோ அவரிடமிருந்தே வந்ததா? அங்கே போகிறவருக்கு அது தெரிகிறதா? இந்த இரண்டையும் வைத்துப் பார்த்தால் உலகின் உயரமான சிலைகளின் பட்டியல் வரிசை வேறு மாதிரி மாறுகிறது.

பட்டியலின் உச்சியில் இருப்பவர் சர்தார் படேல். குஜராத்தின் கெவாடியாவில், நர்மதை ஆற்றின் நடுவே சாது பேட் என்ற தீவில் 182 மீட்டர். 2018 அக்டோபர் 31, அவருடைய பிறந்த நாளில் திறந்தார்கள். சிற்பி ராம் சுதார். உருவம் எனக்குப் பிடிக்கும். வேட்டி, தோளில் சால்வை, காலில் செருப்பு, ஒரு காலை முன்வைத்து நடந்து வரும் நிலை. கோயில் சிலைக்குச் செருப்பு இருக்காது, இவருக்கு இருக்கிறது. கும்பிட வேண்டிய தெய்வமாக அல்ல, நடந்து ஊர் ஊராகப் போன மனிதராகவே வடித்திருக்கிறார் சுதார். அது பெரிய விஷயம்.

ஆனால் 182? குஜராத் சட்டமன்றத்தின் தொகுதிகள் 182. ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட சமஸ்தானங்களை ஒரே நாட்டுக்குள் கொண்டுவந்தவருக்கு ஒரு மாநிலத்தின் தொகுதிக் கணக்கை உயரமாகக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு இது உறுத்துகிறது. அவர் வாழ்க்கையிலிருந்து வந்த எண் இல்லை அது. பார்க்கப் போகிறவர் 153 மீட்டர் உயரத்தில், மார்புப் பகுதியில் இருக்கும் காட்சிக் கூடம்வரை லிஃப்டில் போய், சர்தார் சரோவர் அணையைப் பார்த்துவிட்டு இறங்குகிறார். 182 எங்குமே கண்ணில் படுவதில்லை.

அதைவிட அர்த்தமுள்ள ஒன்று அதே திட்டத்தில் இருந்தது. நாடு முழுக்கக் கிராமங்களிலிருந்து விவசாயிகளின் பழைய இரும்புக் கருவிகளைச் சேகரித்தார்கள். 1928இல் பர்தோலி விவசாயிகளின் வரிகொடா இயக்கத்தை நடத்தியதால்தான் படேலுக்கு 'சர்தார்' என்ற பெயரே நிலைத்தது. உழுத இரும்பு அவர் உடம்பாக மாறியிருந்தால் அதற்கு ஈடான நினைவுச் சின்னம் வேறு இருந்திருக்காது. கடைசியில் அந்த இரும்பைத் திட்டத்தின் மற்றக் கட்டுமானங்களுக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள். சிலையின் வெண்கலத் தகடுகள் சீனாவில் வார்த்து வந்தன. சுற்றியிருந்த பழங்குடி கிராமங்கள் நிலம் போன வருத்தத்தில் திறப்பு விழாவுக்கே எதிர்ப்புத் தெரிவித்தன. விவசாயிகளின் தலைவர் ஒருவருக்கு எழுந்த சிலை என்பதால் அந்த வருத்தத்தைக் கணக்கில் சேர்க்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

இனி ஜப்பான். டோக்கியோவுக்கு வடகிழக்கே இபராகி மாநிலத்தில் இருக்கும் உஷிகு புத்தர். 1990களின் தொடக்கத்தில் கட்டி முடித்தது. 10 மீட்டர் பீடம், 10 மீட்டர் தாமரை, அதன்மேல் 100 மீட்டர் உருவம், ஆக 120. இவர் கௌதம புத்தரான சாக்கிய முனி அல்ல, அமிதா புத்தர். நாம் 'அமிதம்' என்கிறோமே, அதே வேர்தான்: அளவற்றவர். அவருடைய ஒளி பன்னிரண்டு வகை என்பது மரபு. அளவில்லாத ஒளி, எல்லையில்லாத ஒளி, தடையில்லாத ஒளி என்று அந்தப் பெயர்கள் நீளும். பன்னிரண்டின் பத்து மடங்குதான் 120.

எண் சரியான இடத்திலிருந்து வந்திருக்கிறது. அதைவிட எனக்குப் பிடித்தது உள்ளே நுழையும் விதம். முதல் தளத்துக்குள் கால் வைத்தால் கும்மிருட்டு. ஊதுபத்தி வாசனை. மேலிருந்து ஒரே ஒரு ஒளிக்கற்றை மட்டும் விழுகிறது. ஒளியின் புத்தரை இருட்டிலிருந்து அறிமுகம் செய்கிறார்கள். மேலே இன்னொரு தளத்தில் சூத்திரங்களைத் தூரிகையால் பிரதி எடுக்க மேசைகள் போட்டிருக்கிறார்கள். அதற்கும் மேலே சுவர் முழுக்கச் சின்னச் சின்னப் பொன்னிற புத்தர்கள், மூவாயிரத்துக்கு மேல். 85 மீட்டரில், இங்கேயும் மார்புப் பகுதியில்தான், ஒடுக்கமான சன்னல்கள். அளவைப் புரிந்துகொள்ள ஒரு கணக்கு: நாரா நகரத்தில் எட்டாம் நூற்றாண்டிலிருந்து உட்கார்ந்திருக்கும் புகழ்பெற்ற பெரிய புத்தரின் உயரம் சுமார் 15 மீட்டர். உஷிகு புத்தரின் உள்ளங்கை மட்டும் 18 மீட்டர்.

இந்தப் பகுதியில்தான் 13ஆம் நூற்றாண்டில் ஷின்ரான் என்ற பௌத்தத் துறவி பல ஆண்டுகள் தங்கி, எளிய மக்களிடம் 'நமு அமிதா புட்சு' (அமிதா புத்தரே சரணம்) என்று நம்பிச் சொன்னால் போதும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நல்லவர்களைவிடத் தவறு செய்தவர்களுக்குத்தான் அமிதாவின் வாக்கு முதலில் உரியது என்பது அவர் போதனை. அவர் நினைவாக, அவர் வழிவந்த மடம் எழுப்பிய சிலை இது. ஆளுக்கும் இடத்துக்கும் எண்ணுக்கும் உறவு அறுபடவே இல்லை.

மியான்மரில் மொன்யுவா நகருக்கு அருகே இருக்கும் லேக்யுன் செக்யா நின்ற புத்தர், பீடம் சேர்க்காமல் 116 மீட்டர். 1996இல் தொடங்கி 2008இல் முடித்தார்கள். அந்த 116இல் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. எண் உள்ளே இருக்கிறது: 31 தளங்கள். தேரவாத பௌத்தத்தில் உலகங்கள் 31. கீழே நான்கு துயர நிலைகள், ஐந்தாவதாக மனிதர்கள், மேலே தேவர் உலகங்கள் ஆறு, அதற்கும் மேலே பிரம்ம உலகங்கள் இருபது. கீழ்த் தளங்களின் சுவர்களில் நரகக் காட்சிகள் தீட்டியிருக்கிறார்கள். அவற்றைத் தாண்டித்தான் மேலே ஏற வேண்டும். 31 உலகங்களில் நம் இடம் கீழிருந்து ஐந்தாவது. இதை ஒரு கட்டடத்தில் ஏறியபடி புரிந்துகொள்ள வைத்திருக்கிறார்கள். பக்கத்திலேயே ஒரு பெரிய சயன புத்தர் படுத்திருக்கிறார். நின்றவரும் கிடந்தவரும் ஒரே பார்வையில்.

சீனாவின் இரண்டு பெரிய சிலைகளுக்கும் 108தான். லுஷான் புத்தரின் உருவம் 108 மீட்டர், தாமரை பீடத்தோடு 128. ஹைனான் தீவின் சான்யாவில் கடலோரம் நிற்கும் குவான்யினும் 108. ஜபமாலையின் மணிகள் அவை, மனிதனின் துன்ப மூலங்களும் அத்தனைதான் என்பார்கள். நல்ல எண்தான், ஆனால் பொதுவானது. எந்தச் சிலைக்கும் பொருந்தும். சான்யாவில் நான் ரசிப்பது எண்ணையல்ல, மூன்று முகங்களை: ஒன்று நிலத்தைப் பார்க்கிறது, இரண்டு கடலைப் பார்க்கின்றன. குவான்யின் என்றால் பௌத்தர்களின் கருணை வடிவான அவலோகிதர். அகத்தியர் தமிழ் கேட்டதே அவலோகிதரிடம் என்று வீரசோழியம் என்ற பழைய தமிழ் இலக்கண நூல் சொல்கிறது. அந்த உறவு நமக்கு மறந்துபோய்விட்டது.

முருகனையும் கேட்பீர்கள். பத்துமலையில் 2006இல் 140 அடி, சேலம் மாவட்டம் முத்துமலையில் 2022இல் 146 அடி. இரண்டிலும் திருவாரூர் தியாகராஜன் ஸ்தபதியின் கை இருக்கிறது. அந்த ஆறு அடியில் ஆறுமுகம் தெரிகிறது என்று பக்தர் ஒருவர் சொன்னால் மறுக்க மாட்டேன். ஆனால் பத்துமலையைப் பத்துமலை ஆக்குவது சிலை அல்ல, அதற்குப் பின்னால் குகைக்கு ஏறும் 272 படிகளும் தைப்பூசத்தன்று அவற்றில் ஏறும் காவடிகளும்தான்.

என் வரிசை இது. எண்ணும் பொருளும் ஒன்றாகக் கலந்ததில் வள்ளுவர் முதலில். 133 அடி என்பது 41 மீட்டர்கூட இல்லை. சர்தாரின் முழங்கால் அளவுக்குத்தான் வருவார். ஆனாலும் அவரை வடித்த கணபதி ஸ்தபதியின் அந்தக் கணக்கில் ஒரு அடியைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. அடுத்து உஷிகு, அதற்கடுத்து மொன்யுவா. சர்தார் அதற்குப் பிறகுதான்.

வெளிநாட்டில் ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் உஷிகு. மொன்யுவா இருக்கும் சகாயிங் பகுதியில் 2021க்குப் பின் சண்டை நடப்பதால் இப்போதைக்கு அங்கே போகச் சொல்ல மாட்டேன். டோக்கியோவின் உவேனோ நிலையத்தில் ஜோபன் தடத்தில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் உஷிகு, அங்கிருந்து பஸ். சிலையைச் சுற்றி ஒரு பெரிய இடுகாட்டுப் பூங்கா இருக்கிறது. சிலை பார்க்க வருகிறவர்களுக்கும், இறந்தவர்களுக்குப் பூ வைக்க வருகிறவர்களுக்கும் வழி ஒன்றுதான்.