குரல் கேட்பவருக்கு எந்தப் பேச்சு சிகிச்சை? ஏர்வாடிக் கரைக்கு ஓர் ஒப்பீடு

ஏர்வாடி தர்கா அருகே மனநோயாளிகளை வைத்திருந்த விடுதியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று பற்றிய தீ 28 உயிர்களைக் கொண்டுபோனது. சங்கிலியில் கிடந்தவர்களால் ஓட முடியவில்லை. 2017 மனநலச் சட்டம் சங்கிலியைத் தடை செய்துவிட்டது. ஆள் இல்லாமலே குரல் கேட்கவைக்கும் மனச்சிதைவு நோய்க்கு முதலில் மாத்திரைதான். அதை ஒழுங்காகச் சாப்பிட்டும் குரல் விடாதவர்களுக்கு, மாத்திரையை நிறுத்தாமல் கூடவே செய்ய மூன்று பேச்சு வழிகள் உண்டு.

முதலாவது அறிவு நடத்தை சிகிச்சை. குறைந்தது 16 தனி அமர்வு என்கிறது பிரிட்டன் வழிகாட்டி நெறி. ஒரு நோட்டு வேண்டும்: எத்தனை மணி, அப்போது என்ன வேலை, குரல் என்ன சொன்னது, அதன்படி நடந்தாரா. 'வலையை அறுத்துப் போடு, இல்லாட்டி உன் தம்பி கரை சேரமாட்டான்' என்று குரல் மிரட்டுகிறது என்று வையுங்கள். முதலில் ஐந்து நிமிடம் தள்ளிப்போடுவார். அடுத்து அரை மணி, பிறகு ஒரு முழு நாள். தம்பி மீன் பெட்டியோடு வந்து இறங்கிய நேரமும் நோட்டில் ஏறும். மிரட்டல் பலிக்கவில்லை என்பது அவர் கையெழுத்திலேயே இருக்கும்.

இது கெடுவது, முதல் நாளே 'அப்படி ஒரு குரலே இல்லை' என்று அடித்துச் சொல்வதால்தான். அவருக்கு அது கேட்கிறது. சொன்னவர் மேல்தான் நம்பிக்கை போகும். ஜின்னா, செய்வினையா என்ற சண்டை வேண்டாம். குரலுக்கு எவ்வளவு சக்தி என்று சோதித்தால் போதும். தர்காவில் ஓதும் துஆவுக்கும் இது குறுக்கே வராது. கட்டளைக் குரல் கேட்ட 197 பேரிடம் பிரிட்டனில் நடந்து 2014இல் வெளிவந்த ஆய்வில், குரலுக்கு முழுதும் கீழ்ப்படிந்தவர்கள் வழக்கமான கவனிப்பில் 46 சதவீதம், இந்த சிகிச்சையில் 28 சதவீதம். குரல் கேட்பது பெரிதாகக் குறையவில்லை. அதன் அதிகாரம் குறைந்தது.

இரண்டாவது அவதார் சிகிச்சை. லண்டனில் ஜூலியன் லெஃப் தொடங்கியது. குரலுக்கு ஒரு முகத்தைக் கணினியில் செய்து, சிகிச்சையாளர் அந்தக் குரலில் பேச, நோயாளி எதிர்த்துப் பேசிப் பழகுவார். 150 பேரிடம் செய்து 2018இல் வெளியான சோதனையில் 12 வாரத்தில் ஆதரவு ஆலோசனையை முந்தியது. 24 வாரத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. கணினியும் தனிப் பயிற்சியும் கேட்கும் முறை என்பதால் இங்கே இதற்காகக் காத்திருக்கச் சொல்லமாட்டோம். நம் ஊரில் பலருக்கு உறவினர் குரல்தான் கேட்கிறது. பெரியவரிடம் எதிர்த்துப் பேச நாக்கு எழாது. 'அத்தை, இப்ப வலை பின்னுறேன், ராத்திரி எட்டு மணிக்கு வாங்க' என்று நேரம் குறித்துச் சொல்வது எளிது. கணினியும் தேவையில்லை.

மூன்றாவது, நோயாளியோடு வீட்டாரும் உட்கார்ந்து பேசும் குடும்ப அமர்வு: மூன்று மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் குறைந்தது 10. வீட்டில் நச்சரிப்பும் ஓயாத திட்டும் நோயைத் திரும்பக் கொண்டுவரக்கூடும். வீடே வார்டாக இருக்கும் இந்தக் கரையில் இதையும் முதலாவதையும் சேர்த்தே தொடங்குங்கள். விசைப்படகுக் குடும்பங்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் தடைக்காலம் தோது. வாரம் ஒன்றாக, பத்தில் எட்டு குடும்ப அமர்வு அதற்குள் முடிந்துவிடும்.

சாகச் சொல்லியோ பிறரைத் தாக்கச் சொல்லியோ குரல் கேட்டால் நோட்டை மூடிவிட்டு உடனே 108. ஆலோசனைக்கு அரசின் மனநலத் தொலைபேசி உதவி, டெலி மானஸ் 14416. மற்ற நாட்களில் குரல் வலுத்தால் வாய்க்குள் மெல்ல முனகலாம், ஒரு காதில் மட்டும் பஞ்சு வைத்துப் பார்க்கலாம். சிலருக்கு அந்த நேரத்துக்கு அடங்கும்.