மலையகத்து வானில் முப்பரிமாணத் திரையுடன் நான்கு ஆண்டுகள்

கொழும்புக்கு அருகே உள்ள இரத்மலானை விமான நிலையத்திலிருந்து இலங்கை மலையகப் பக்கம் சிறு விமானம் ஓட்டத் தொடங்கிய காலத்தில், என் முன்னே இருந்தவை வட்ட வட்டமான முள் கருவிகளும் மடியில் விரித்த வரைபடமும்தாம். கடந்த நான்கு ஆண்டுகளாக நான் ஓட்டும் செஸ்னா 172இல் முப்பரிமாணத் திரை இருக்கிறது. எதிரே உள்ள மலை, பள்ளத்தாக்கு, நீர்த்தேக்கம், ஓடுபாதை ஆகியவற்றை, மேகம் மூடியிருந்தாலும் இருட்டிவிட்டாலும், கண்ணாடி வழியே பார்ப்பதுபோல் அது வரைந்து காட்டுகிறது. அது கமராப் படம் அன்று, ஜி.பி.எஸ். தரும் இடத்தையும் உயரத்தையும் கருவியில் சேமித்துள்ள நில உயரத் தரவுகளோடு இணைத்து, கணத்துக்குக் கணம் தீட்டும் சித்திரம். நமக்குக் கீழே 1,000 அடிக்குள் வரும் நிலம் மஞ்சளாகிறது. 100 அடிக்குள் வருவதும் நம்மைவிட உயர்ந்து நிற்பதும் சிவப்பாகின்றன.

நான் மஸ்கெலியாவில் பிறந்தவன். 1974 டிசெம்பர் 4ஆம் திகதி இரவு, இந்தோனேசிய ஹஜ் யாத்திரிகர்களோடு சுரபாயாவிலிருந்து கொழும்பு வழியாக ஜித்தாவுக்குச் சென்றுகொண்டிருந்த மார்ட்டின்எயார் டீசி-8 விமானம் எங்கள் ஏழு கன்னி மலையில் மோதி, அதிலிருந்த 191 பேரும் இறந்தார்கள். அந்தச் சத்தத்தைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து கேட்ட அப்பா சொல்லச் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். விமானிகள் தாங்கள் இருக்கும் இடத்தைத் தவறாகக் கணித்து, பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கியதே காரணம். இன்றைய திரை அவர்களுக்கு முன்னே இருந்திருந்தால், அந்த மலை செக்கச்சிவந்து எழுந்து நின்றிருக்கும். ஒவ்வொரு முறை அதைக் கடக்கும்போதும் எனக்கு இந்த நினைவு வருகிறது.

ஆனால் நாளாந்தப் பறப்பில் எனக்கு அதிகம் உதவுவது மலையின் நிறமன்று, திரையில் மிதக்கும் சிறு பச்சை வட்டம். விமானத்தின் மூக்கு எங்கே நோக்குகிறது என்பதையன்று, காற்றின் தள்ளலையும் சேர்த்து விமானம் உண்மையில் எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்பதையே அது காட்டுகிறது. வட்டம் மலை முகட்டுக்கு மேலே நின்றால் இதே நிலையில் முகட்டைத் தாண்டுவோம்; முகட்டிலோ கீழேயோ நின்றால் மோதுவோம். ஒரு ஜூலை மாதம், மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று பலமாக வீசிய காலையில், காசல்ரீ நீர்த்தேக்கத்தின் பக்கமிருந்து மேற்கே திரும்பிக்கொண்டிருந்தேன். மூக்கு வானத்தைப் பார்த்தபடி இருந்தது, இயந்திரம் முழு விசையில் ஓடியது, வெளியே பார்த்தால் முகடு தாழ்வாகவே தெரிந்தது. ஆயினும் பச்சை வட்டம் மெல்ல மெல்ல நழுவி முகட்டுக் கோட்டுக்குக் கீழே இறங்கியது. முகட்டைத் தாண்டிச் சரியும் காற்று எங்களைக் கீழே அழுத்திக்கொண்டிருந்ததைக் கண்ணுக்கு முன்னே அதுதான் சொன்னது. உடனே நீர்த்தேக்கத்தின் பக்கம் திரும்பி, அதற்கு மேலே வட்டமிட்டு உயரம் சேர்த்த பிறகே கடந்தேன்.

குறைகளையும் சொல்ல வேண்டும். என் கருவியின் நிலத் தரவில் ஒரு கட்டம் ஏறத்தாழ 275 மீட்டர் அகலமுடையது. ஆகவே கூரிய முகடுகள் மழுங்கியே தெரிகின்றன. மரங்கள் வருவதில்லை. லக்சபான பக்கத்தில் பள்ளத்தாக்குகளுக்குக் குறுக்கே போகும் மின்கம்பிகளை நான் அதில் கண்டதே இல்லை. வரட்சியில் மவுசாக்கலை நீர்த்தேக்கம் வற்றி, மூழ்கிய பழைய மஸ்கெலியா நகரத்துக் கோயிலின் கற்கள் வெளியே நிற்கும்போதும், திரையில் நீர் கரை தொட்டு நீலமாக நிறைந்தே கிடக்கிறது. அந்தக் காட்சியைப் பார்த்த அன்றுதான், நான் பார்த்துக்கொண்டிருப்பது மலையையன்று, மலையைப் பற்றிய ஒரு பதிவையே என்பது மனத்தில் ஆழமாகப் பதிந்தது.

பழகப் பழக வரும் ஆபத்து இதைவிடப் பெரிது. படம் இவ்வளவு தெளிவாக இருப்பதால் மேகத்துக்குள் நுழைந்தாலும் பரவாயில்லை என்ற துணிவு தானாக வருகிறது. இரண்டாம் ஆண்டில் எனக்கும் வந்தது. பார்வை விதிகளின்படி, அதாவது வெளியே கண்ணால் பார்த்தே, பறப்பவருக்கு இந்தத் திரை மேகத்துக்குள் போகும் அனுமதியைத் தருவதில்லை. வழி தெரியாமல் மாட்டிக்கொண்டால் வெளியேற உதவும், அவ்வளவே. மே முதல் செப்டெம்பர் வரை கித்துல்கலப் பள்ளத்தாக்கிலிருந்து மேகம் எழும்பி, சில நிமிடங்களில் வட்டவளைப் பக்கத்தை மூடிவிடும். ஆகவே கினிகத்தேனைக்கு மேலே வந்ததும் திரையை விட்டுக் கண்ணை எடுத்து வெளியே பார்க்கிறேன். காசல்ரீயின் நீர் நேரில் தெரிந்தால் உள்ளே போகிறேன். தெரியாவிட்டால், திரையில் அது எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும், வந்த வழியே திரும்பிவிடுகிறேன்.