கார்பன் கம்பு நன்று, உடன் வந்த பிரஷ் நன்றன்று

தரையில் நின்றபடியே முதல் மாடி ஜன்னல்களைக் கழுவுவதற்காக, தண்ணீர்க் குழாய் உள்ளே செல்லும் 20 அடி கார்பன் ஃபைபர் கம்பை ஓராண்டாகப் பயன்படுத்தி வருகிறேன். அலுமினியக் கம்பைவிட எடை குறைவு என்பதோடு, முழுவதும் நீட்டினாலும் அதிகம் வளைவதில்லை என்பதால், பிரஷ் தடுமாறி ஜன்னலின் அடித்திட்டில் மோதுவதும் அரிதாகிவிட்டது. ஏமாற்றம் அளித்தது உடன் வந்த பிரஷ்தான். அதன் கடினமான பிளாஸ்டிக் தலை, வண்ணம் பூசிய மரத்திட்டில் முதல் வாரமே இரண்டு கீறல்களைப் போட்டுவிட்டது (அந்த வீட்டுக்காரருக்கு நானே பெயின்ட் அடித்துக் கொடுத்தேன்). நுனி பிளந்த மென்மையான நைலான் இழைகளும், தலையின் விளிம்பைச் சுற்றி ரப்பர் பட்டையும் உள்ள பிரஷுக்கு மாறிய பிறகு அத்தொல்லை இல்லை. பன்றிமயிர் பிரஷ் பறவை எச்சத்தை இன்னும் நன்றாகத் தேய்த்தெடுக்கிறது. ஆனால் நீரை உறிஞ்சிக் கனத்துப்போகிறது. கார்பன் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், மின்கம்பிகளுக்கு அருகே இக்கம்பை நீட்டவே கூடாது.