பிள்ளைகள் வாய் திறக்க எது முதலில்: எழுத்தா, நாடகமா, பறையா, கேமராவா?

எங்கள் ஊர் நூலகத் திண்ணையில் சனிக்கிழமை சாயங்காலம் எட்டாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை படிக்கிற பிள்ளைகளோடு உட்கார ஆரம்பித்து நாலு வருஷம் ஆகிறது. தங்கள் ஊரில் இப்படி ஒன்றைத் தொடங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, எதை வைத்துத் தொடங்குவது என்றுதான். நான் நாலையும் செய்து பார்த்துவிட்டேன். செலவை வைத்து முடிவு பண்ணாதீர்கள், ஒரு பிள்ளையை அது எவ்வளவு சீக்கிரத்தில் எத்தனை பேர் முன்னால் நிறுத்துகிறது என்பதை வைத்து முடிவு பண்ணுங்கள்.

கையெழுத்துப் பத்திரிகைதான் எல்லோருக்கும் சட்டென்று தோன்றுவது. ஏ4 தாள், ஸ்கெட்ச் பேனா, கடைசியில் கொஞ்சம் ஜெராக்ஸ் காசு, அவ்வளவுதான். ஆனால் எங்களுக்கு வந்த முதல் இதழில் பதினான்கு கட்டுரை, அத்தனையிலும் முன்னுரை, பொருளுரை, முடிவுரை இருந்தது, மரம் வளர்ப்போம் என்று மட்டும் ஐந்து பேர் எழுதியிருந்தார்கள். பேனாவைக் கையில் எடுத்ததுமே தேர்வுத்தாள் ஞாபகம் வந்துவிடுகிறது, சிவப்பு மை ஞாபகம் வந்துவிடுகிறது. பிழையில்லாமல் எழுதத் தெரிந்தவர்கள் முன்னால் வர, தெரியாதவர்கள் இங்கேயும் கடைசி வரிசைக்குப் போய்விட்டார்கள். அதனால் எழுத்தை முதலில் வைக்காதீர்கள் என்பேன்.

நாடகம் இதற்கு நேர் எதிர். பிரேசில்காரரான அகஸ்டோ போவால் 1971-ல் ராணுவ ஆட்சியில் கைதாகிச் சித்திரவதைப்பட்டு நாட்டை விட்டு வெளியேறியவர், 1973-ல் பெரு நாட்டின் எழுத்தறிவுத் திட்டத்தில் வேலை பார்த்தபோது அவர் உருவாக்கிய முறைதான் மன்ற நாடகம். ஒரு அநியாயத்தை நடித்துக் காட்டுவார்கள், பார்த்துக்கொண்டிருப்பவர் யாராவது நிறுத்தச் சொல்லி மேடையேறி, அந்தப் பாத்திரமாகவே நின்று வேறு மாதிரி செய்து பார்க்கலாம். வெளியூர்க் காலேஜுக்கு அனுப்ப மாட்டேன் என்கிற அப்பா, போயே தீருவேன் என்கிற மகள், இதைத்தான் நாங்கள் போட்டோம். ஒரு பையன் எழுந்து அப்பாவாக நடிக்க வந்தவன், பாதியில் பேச்சு வராமல் நின்று, "எங்க அப்பாவும் இதத்தான் அக்காகிட்ட சொன்னாரு" என்றான். நாடகத்துக்கு இருக்கிற இந்தப் பலம் வேறு எதற்கும் கிடையாது. அதனால்தான் ஆபத்தும் இதில்தான் அதிகம்: அப்படி ஒருத்தன் உடைந்து நிற்கும்போது பக்கத்தில் யார் இருக்கிறார்கள், மறுநாள் பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லிக் கிண்டல் பண்ண மாட்டார்களா என்றெல்லாம் யோசித்து வைத்திருக்க வேண்டும். ஒரு வருஷமாவது சேர்ந்து பழகாத குழுவோடு இதைச் செய்யக்கூடாது.

பறையைப் பற்றி அதிகம் சொல்ல எனக்குத் தகுதியில்லை, நான் வாசிப்பவன் இல்லை. ஆனால் நெருப்பில் காய்ச்சின பறையில் முதல் அடி விழும்போது கூச்சப்படுகிற பிள்ளைகூட முதுகு நிமிர்வதைப் பார்த்திருக்கிறேன். திண்டுக்கல் சக்தி கலைக்குழு போன்றவர்கள் பல வருஷமாகப் பெண்களின் கையில் பறையைக் கொடுத்துச் செய்துவருவது பெரிய காரியம். சாதியைக் காரணம் காட்டி அனுப்ப மறுக்கிற வீடுகள் இருக்கும், அதையும் எதிர்பார்த்துத்தான் இறங்க வேண்டும். நல்ல ஆசான் கிடைத்தால் தயங்காதீர்கள்.

சரி, நான் எதை முதலில் வைப்பேன்? போன் கேமராவை. கேமரா பிடித்திருக்கிற பிள்ளை கேமராவுக்குப் பின்னால் நிற்கிறது, யாரும் அதன் முகத்தைப் பார்ப்பதில்லை. 1990-களில் சீனாவின் யுன்னானில் கிராமத்துப் பெண்களிடம் கேமராவைக் கொடுத்து, அவர்கள் எடுத்த படங்களை வைத்து அதிகாரிகளோடு பேச வைத்தார்கள், அங்கிருந்து வளர்ந்த முறை இது. நாங்கள் ஐந்து பேருக்கு ஒரு போன் என்று கொடுத்தோம். கேட்காமல் யார் முகத்தையும் எடுக்கக்கூடாது என்பது ஒன்றுதான் விதி.

இரண்டு மாதமாக வாயே திறக்காத ஒன்பதாவது படிக்கிற பெண் ஒருத்தி பதினொரு படம் கொண்டுவந்தாள். பதினொன்றும் ஒரே படம், நிறுத்தத்தில் நிற்காமல் போகிற காலை பஸ்ஸின் பின்பக்கம். சிலதில் வெறும் புழுதி, ஒன்றில் ஓடிப்போய் நின்றுவிட்ட தங்கையின் செருப்பு மட்டும். ஒவ்வொன்றுக்கும் கீழே தேதியும் நேரமும் எழுதச் சொன்னேன், அவளாகவே இன்னொரு வரி சேர்த்தாள்: "இன்னைக்கு மொத பீரியட் கணக்கு." இந்தப் பிள்ளைதான் பத்திரிகைக்கு மரம் வளர்ப்போம் எழுதிக் கொடுத்தவள்.

அப்புறம் எழுத்து தானாக வந்தது, படத்துக்கு அடியில் ஒரு வரி, பிறகு நாலு வரி, முன்னுரை இல்லாமல்.

போட்டி வைக்கலாமா என்றும் கேட்கிறார்கள். 2022-லிருந்து அரசுப் பள்ளிகளில் நடக்கும் கலைத் திருவிழா எத்தனையோ பிள்ளைகளுக்கு முதல் மேடையைக் கொடுத்திருக்கிறது, அது நல்லது. ஆனால் உங்கள் திண்ணையில் முதல் பரிசு, இரண்டாம் பரிசு வேண்டாம். பதினொரு பஸ் படத்துக்கு எந்த நடுவர் மார்க் போடுவார்?

அக்டோபர் 2 கிராம சபையன்று அந்தப் படங்களை வரிசையாகச் சுவரில் ஒட்டினோம். அவள் பேசுவாள் என்று நான் நினைக்கவில்லை. தலைவர் ஐந்தாவது படத்தைக் காட்டி, இது எந்தத் தேதி என்று கேட்டார். மூன்றாவது வரிசையிலிருந்து எழுந்து சொன்னாள், கேட்காத மற்ற பத்துத் தேதிகளையும் சேர்த்து.